காய்ச்சல் விட்ட நாள்

டிசம்பர் 11, ஆரையம்பதி

விடிய ஐந்து மணிக்கு மகளுக்கு 103 காய்ச்சல். தடிமன் இல்லை, இருமல் இல்லை. "கண்ணுக்குள்ள நோகுது" என்கிறாள். மாரி மழை பிடித்தால் எங்கள் பக்கம் டெங்கும் வரும். நிறையைப் பார்த்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் பனடோல் (பரசிற்றமோல்) பாணி மட்டும் கொடுத்தேன், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. இபுபுரூஃபன் போத்தலைக் குப்பையில் போட்டேன். டெங்கு என்றால் அது இரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

டிசம்பர் 13

மூன்றாம் நாள். இரத்தம் சோதித்தோம். பிளேட்லெட் 142,000, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 35 வீதம். நாளைக்குத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள்.

டிசம்பர் 14, இரவு (வார்ட்டில் இருந்து)

காலையில் காய்ச்சல் விட்டது. மாமி சாமியறையில் விளக்கேற்றினார். இரத்தம் எடுக்கக் கூட்டிப் போன இடத்தில், "காய்ச்சல்தான் விட்டுட்டே, இனி என்னத்துக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

மகள் எப்போதும் என் வயிற்றில் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். பின்னேரம் அப்படிப் படுத்தவளின் பாதம் பட்டதும் திடுக்கிட்டுப் போனேன். கிணற்றடிக் கல் மாதிரிக் குளிர். இரண்டு தடவை சத்தி எடுத்திருந்தாள், வயிறு நோகுது என்றாள். யோசித்துப் பார்த்தால், விடிந்ததிலிருந்து மூத்திரம் போகவே இல்லை. கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"களைப்புத்தானே, படுக்கட்டும்" என்றார் இவர். "இல்ல, பிள்ள வழமையா இல்ல. ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கல்லடிப் பாலத்தில் மழை அடித்து ஊற்றியது. அவள் பாதங்களை என் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டே போனேன்.

வார்ட்டில் ஒரு இளம் டொக்டர் விரல் நகத்தை அமத்திவிட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் சிவக்க இரண்டு செக்கனுக்கு மேல் எடுத்தது. உடனே கட்டில் கொடுத்தார்கள்.

டிசம்பர் 15

பிளேட்லெட் 68,000. பி.சி.வி. 42. முப்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டு என்றால் இருபது வீதக் கூடுதல்; இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து இரத்தம் தடித்துவிட்டது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விடும்போதுதானாம். அந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் இருக்கும். அதற்குள் சேலைன் குறைந்தாலும் பிழை, கூடினால் நெஞ்சுக்குள் நீர் கோர்க்கும். அதனால் மூத்திரத்தை அளந்து அளந்து எழுதுகிறோம். மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு அரை மில்லிலீற்றராவது போகவேண்டும். அளவுச் சாடியைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்க விழித்திருந்தேன்.

"எப்படித் தெரிஞ்சு கொண்டுவந்தீங்க?" என்று தாதி மிஸ்ஸி கேட்டார். காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், அழுகை வந்துவிட்டது.

டிசம்பர் 16

விடியப்புறம் தாராளமாக மூத்திரம் போனாள். பி.சி.வி. 36. கஞ்சி கேட்டாள்.

டிசம்பர் 19

வீட்டுக்கு வந்தாச்சு. நுளம்பு பெருகாமல் கூரைப் பீலியில் தேங்கிய தண்ணீரை இவர் இறக்கிவிட்டார். பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா வேலியடியில் நின்று, "மகனுக்கு நாலு நாளாக் காய்ச்சல், இண்டைக்குத்தான் விட்டிருக்கு" என்றார். கையில் இருந்த உடுப்பை அப்படியே கொடியில் போட்டுவிட்டுக் கேட்டேன்: "கடைசியா எப்ப மூத்திரம் போனவன் அக்கா?"