முகாமுக்குப் போகாதவர்கள்

2020 நவம்பர் 23, திங்கள்

வங்கக் கடலில் உள்ள தாழ்வு மண்டலம் நிவர் என்னும் புயலாக வலுப்பெற்று, 25-ஆம் தேதி காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று செய்தியில் சொன்னார்கள். கூரை வீடுகளில் இருப்பவர்கள் நாளை மதியத்துக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று தலையாரி தெருத்தெருவாகச் சொல்லிப் போனார். வீடு வீடாகப் போய் அழைத்துவரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். தலைஞாயிறு பக்கத்தில் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊருக்குப் புயலைப் பற்றி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது சாய்ந்த தென்னைகளின் அடிக்கட்டைகள் சில கொல்லைகளில் இன்னும் கிடக்கின்றன.

நவம்பர் 24, செவ்வாய்

காலையிலிருந்து இருபத்தேழு வீடுகளுக்குப் போனேன். வர மறுத்தவர்களில் ஒருவர்கூடப் புயலை நம்பாதவர் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

கீழத்தெரு அத்தையிடம் நிறைசினையாக ஒரு மாடு இருக்கிறது. கஜா இரவில் முகாமுக்குப் போனவர், காலையில் திரும்பி வந்து பார்த்தபோது, விழுந்த கொட்டகைக்கு அடியில் கட்டுத்தறியோடு இரண்டு மாடுகளும் செத்துக் கிடந்தனவாம். “கயித்த அவுத்து வுடக்கூட ஆளு இல்லாமப் போச்சே தம்பி” என்று அவர் சொன்னபோது, உயிர்தான் முக்கியம் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பள்ளியின் சைக்கிள் கொட்டகையில் மாட்டைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். முகாம் மனிதர்களுக்கு மட்டும்தான் என்று பொறுப்பில் இருந்தவர் முடித்துவிட்டார்.

பங்காளி வீட்டுச் சித்தப்பாவின் காரணம் வேறு. வடிகால் முழுவதும் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கிடக்கும் ஊரில், மழை கொட்டும்போது வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட ஆள் நிற்காவிட்டால், நடவு முடிந்து வேர் பிடித்துவரும் தாளடிப் பயிர் நான்கே நாளில் அழுகிவிடும். கொரோனாக் காலத்தில் ஒரே வகுப்பறையில் ஐம்பது பேரோடு படுக்க அஞ்சியவர்களும் இருந்தார்கள். வயதுக்கு வந்த பெண்களை வைத்திருக்கும் இரண்டு வீடுகளில், கஜாவின்போது முகாமில் இருந்த ஒற்றைக் கழிப்பறையைப் பற்றி மட்டும் பேசினார்கள். திருவாரூரில் உள்ள மகள் வீட்டுக்குப் போவதாக இருந்த ஒரு பாட்டி, ஒரு மணியோடு ஏழு மாவட்டங்களில் பேருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டதும் மூட்டையை அவிழ்த்துவிட்டார்.

நவம்பர் 25, புதன்

அரசு விடுமுறை. என் அப்பாவையே என்னால் கிளப்ப முடியவில்லை. 1977 நவம்பர் 12 புயலில் இதே சுவர்தான் தன்னைக் காப்பாற்றியது என்பது அவருடைய கணக்கு. சுவர் இடிந்து செத்தவர்கள் தங்கள் கணக்கைச் சொல்ல வருவதில்லை என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி வந்தபோது, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை விட்டுக் கட்டாயம் வெளியேறச் சொல்லியும் பல்லாயிரம் பேர் தங்கிவிட்டார்கள். பலரிடம் கார் இல்லை. சிலருக்கு, முகாமில் சேர்க்காத நாயை விட்டுவர மனமில்லை. அதன் பிறகுதான், வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று 2006-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அங்கே நாய்க்கு நடந்தது இங்கே கறவை மாட்டுக்கு ஏன் நடக்கக் கூடாது என்று நேற்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் பதில் மறுநாள்தான் தோன்றுகிறது.

நவம்பர் 26, வியாழன்

புயல் நள்ளிரவை ஒட்டிப் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது. இங்கே வாழைமரம்கூடச் சாயவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு முகாமிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்து, வீட்டிலேயே இருந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

டிசம்பர் 2, புதன்

இப்போது புரெவி. இன்று இரவு இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வரும் என்கிறார்கள். போன வாரம் என்னோடு வந்தவர்களில் பாதிப்பேர், “அதான் பாத்தமே” என்று கதவருகிலேயே பேச்சை முடித்துக்கொண்டார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாள் கூலியை இழந்துதான் சென்ற முறை வந்தார்கள்.

பொறுப்பாளரிடம் மறுபடி போனேன். அவர் நேராகச் சரி என்று சொல்லவில்லை. சைக்கிள் கொட்டகைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். மாலையில் நான் அழைக்காமலேயே அத்தை, ஒரு கையில் மாட்டையும் மறு கையில் வைக்கோல் கட்டையும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார்.

டிசம்பர் 4, வெள்ளி

புரெவி வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. காற்று இல்லை, மழை மட்டும் விடவில்லை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டன. சித்தப்பா இரண்டு நாட்களாக அரிவாளோடு இடுப்பளவுத் தண்ணீரில் காட்டாமணக்கை வெட்டி வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். முகாமுக்கு வரச் சொல்லி இன்று காலை போனேன். நிமிர்ந்து பார்த்தவர், கரையில் கிடந்த இன்னொரு அரிவாளைக் காட்டினார். மதியம்வரை அவரோடு நின்று வெட்டினேன். தண்ணீர் ஒரு சாண்கூட இறங்கவில்லை.