சார்ட்டில் உள்ள எழுத்தை மேக்ரோவால் மாற்றுவது: ஒரு செய்முறைத் தேர்வில் தவறவிட்டதும் அதன்பின் படித்ததும்

எம்ஐஎஸ் (நிறுவனத் தகவல்களைத் தொகுத்து அறிக்கை தயாரிக்கும்) வேலை ஒன்றுக்கான செய்முறைத் தேர்வு அது. ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். எக்செல் ஃபைலில் 12 ஷீட், ஷீட்டுக்கு ஒரு சார்ட். எல்லாத் தலைப்பும் 14 சைஸில் போல்டாக வர வேண்டும், இரண்டு அச்சுக்கும் பெயர் வேண்டும், அச்சு எண்கள் 9 சைஸுக்குக் குறைய வேண்டும். எல்லாவற்றையும் விபிஏ மேக்ரோவிலேயே, அதாவது எக்செலுக்குள் எழுதும் சிறு நிரலிலேயே செய்யச் சொன்னார்கள்.

முதல் மூன்று ஷீட்டும் சரியாக ஓடின. நான்காவதில் மேக்ரோ பிழை காட்டி நின்றுவிட்டது. என் கோடில் எழுத்துப் பிழை இருக்கும் என்று வரி வரியாகத் தேடினேன். 20 நிமிடம் போன பிறகுதான் சார்ட்டையே பார்த்தேன். அதற்குத் தலைப்பே இல்லை. இல்லாத தலைப்பைப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் இந்த ஒரு விஷயத்தையே உட்கார்ந்து படித்தேன். இதே மாதிரித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு அது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சார்ட்டில் எந்த எழுத்தைத் தொடுவதற்கு முன்பும் அது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்புக்கு முதலில் 'ஹேஸ்டைட்டில்' என்பதை ட்ரூ ஆக்க வேண்டும், அப்புறம்தான் 'சார்ட்டைட்டில்'. அச்சுப் பெயருக்கும் இதே கதைதான். லெஜண்டுக்கு (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று காட்டும் பட்டியல்) 'ஹேஸ்லெஜண்ட்', டேட்டா லேபிளுக்கு (சார்ட்டின் மேலேயே தெரியும் மதிப்புகள்) 'ஹேஸ்டேட்டாலேபிள்ஸ்'. பை சார்ட்டுக்கு அச்சே கிடையாது, அதனால் சார்ட்டின் வகையைப் பார்த்து அதைத் தாண்டிப் போக வேண்டும். பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் போ என்று சொல்லும் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' வரியை மேலே போட்டுவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். மேக்ரோ நிற்காமல் ஓடும். ஆனால் எந்த சார்ட்டில் வேலை நடக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

அடுத்தது, யாருக்குள் யார் இருக்கிறார்கள் என்ற வரிசை. ஷீட்டில் நம் கண்ணுக்குத் தெரிவது 'சார்ட்ஆப்ஜெக்ட்', படத்துக்குப் போட்ட சட்டம் மாதிரி. அதற்குள் இருப்பதுதான் 'சார்ட்'. நகர்த்தவும் அளவு மாற்றவும் சட்டத்தைப் பிடிக்க வேண்டும், எழுத்தை மாற்ற உள்ளே போக வேண்டும். சார்ட் தனி ஷீட்டாகவே இருந்தால் இந்தச் சட்டம் இருக்காது. இந்த வரிசையை ஒரு தாளில் என் கையால் வரைந்து பார்த்த அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

பழக, நாம் கையால் செய்வதைக் கோடாக எழுதிக் கொடுக்கும் மேக்ரோ ரெக்கார்டர் நல்ல வழி, ஆனால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, என்ன வரி வந்தது என்று படியுங்கள். நான் பயிற்சிக்குப் போன இடத்தில் எக்செல் 2007 இருந்தது. அந்தப் பதிப்பின் ரெக்கார்டர் சார்ட் ஃபார்மேட்டிங்கை அநேகமாகப் பதிவு செய்யாது. என் கையில்தான் தவறு என்று நான்கு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 2010-லிருந்து மறுபடி பதிவாகிறது. ஆனால் புதிய பதிப்புகளில் நீளமாக 'டெக்ஸ்ட்ஃப்ரேம்2' வழியாக வரும் வரிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். சைஸ், போல்ட், நிறம் இவற்றுக்குப் பழைய 'ஃபான்ட்' வழியே போதும். தேர்வு நேரத்தில் அதுதான் வேகம்.

நிறத்துக்கு 'ஆர்ஜிபி' ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். வெப் பக்கத்தில் சிவப்புக்கு எழுதும் ஹெக்ஸ் எண்ணை அப்படியே போட்டால் விபிஏ நீலம் காட்டும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை தலைகீழ். அதேபோல் 'சார்ட்ஏரியா'வுக்கு, அதாவது முழு சார்ட் பரப்புக்கு ஃபான்ட் சைஸ் கொடுத்தால் உள்ளே இருக்கும் எல்லா எழுத்தும் மாறிவிடும். அதை முதல் வரியாக வையுங்கள். கடைசியில் வைத்தால் தலைப்புக்கு நீங்கள் கொடுத்த 14 அழிந்துபோகும்.

இனி நான் ரொம்ப நேரம் திணறிய இடம், தமிழ்த் தலைப்பு. விபிஏ எடிட்டரில் தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். அதனால் தலைப்பை ஷீட்டில் ஒரு செல்லில் எழுதி வைத்து, மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். அப்புறம் 'விற்பனை 2024' என்ற தலைப்பில் முதல் சொல்லை மட்டும் போல்டாக்க 'கேரக்டர்ஸ்' என்பதில் 1, 4 என்று, அதாவது முதல் எழுத்திலிருந்து நான்கு எழுத்து என்று கொடுத்தேன். வி, ற், ப, னை: நம் கணக்கில் நான்கு எழுத்துதானே? போல்ட் 'விற்' என்பதோடு நின்றுவிட்டது. கணினி வகரத்தை ஒன்றாகவும் அதன் கொக்கியை இன்னொன்றாகவும் எண்ணுகிறது. றகரமும் மேலே உள்ள புள்ளியும் இரண்டு, பகரம் ஒன்று, னகரமும் ஐகாரக் குறியும் இரண்டு. மொத்தம் ஏழு. எழுத்துகளை எண்ணிச் சொல்லும் 'லென்' ஃபங்ஷனைக் கேட்டேன், அதுவும் 7 என்றது. அதிலிருந்து எழுத்தை விரல்விட்டு எண்ணுவதை விட்டுவிட்டேன். 'இன்ஸ்டர்' கொண்டு இடைவெளி எங்கே வருகிறது என்று கேட்டால் 8 என்று சொல்லும். அதில் ஒன்றைக் கழித்தால், இடைவெளி உள்ள எந்தத் தலைப்பிலும் முதல் சொல்லின் நீளம் சரியாக வரும்.

இதிலேயே இன்னொன்று: தலைப்பு ஒரு செல்லோடு ஃபார்முலாவால் இணைக்கப்பட்டிருந்தால் அதில் ஒரு பகுதியை மட்டும் போல்டாக்க முடியாது. செல்லின் மதிப்பைச் சாதாரண எழுத்தாகத் தலைப்பில் எழுதிவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

பயிற்சிக்கு ஒழுங்கான சார்ட்டுகளை எடுக்காதீர்கள். தலைப்பில்லாத சார்ட், பை சார்ட், செல்லோடு இணைந்த தலைப்பு, தனி ஷீட் சார்ட் என்று வேண்டுமென்றே கலந்து ஒரு ஃபைல் செய்துகொண்டேன். தினமும் அதன் நகலை எடுத்து, வெற்று மாட்யூலில் (கோடு எழுதும் பக்கம்) இருந்து ஆரம்பித்து 30 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகினேன். ஓடவில்லை என்றால் எஃப்8 அழுத்தி வரி வரியாகப் போய், எந்த சார்ட்டில் நிற்கிறது என்று முதலில் பார்ப்பேன்.

நகல் என்று சொன்னதைத் தேர்விலும் செய்யுங்கள். மேக்ரோ செய்த மாற்றத்தைக் கன்ட்ரோல் இசட் திருப்பித் தராது. முடித்ததும் ஃபைலை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமியுங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று சேமித்தால் சார்ட்டுகள் அழகாக இருக்கும், நீங்கள் எழுதிய கோடு மட்டும் உள்ளே இருக்காது.