சைட் ஸ்கேர்ட்டை காரோடு ஒன்றாக்க இரண்டு தடவை உழைத்தேன்

2023 டிசம்பரில் மழை விட்ட ஒரு காலை, திருகோணமலை உவர்மலையில் வீட்டு முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கோட்டைக் கண்டேன். சைட் ஸ்கேர்ட், அதாவது அழகுக்காகக் காரின் பக்கத்தில் கதவுகளுக்குக் கீழே பூட்டுகிற பாகம், பாடியோடு சேரும் இடத்தில், முன் கதவுக்குக் கீழே, தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. விரல் வைத்து அமத்தினால் உள்ளே இருந்து தண்ணீர் வந்தது. ஒக்டோபரில்தான் பெயின்ட் அடித்து முடித்திருந்தேன். இரண்டு மாதம்கூட நிற்கவில்லை.

கார் 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக், அப்பா ஓடியது, அதனால் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. பைபரில் செய்த ஸ்கேர்ட் கிட் வாங்கி, ரிவெட் அடித்து, சந்துக்குள் பட்டியை நிரப்பித் தேய்த்து, மூன்றே நாளில் பெயின்டுக்குக் கொடுத்திருந்தேன். சில இடத்தில் பட்டி 7 மில்லிமீட்டர் தடிப்பு. பட்டி என்பது பள்ளத்தை நிரப்புவதற்கு மட்டும்தான், இரண்டு பொருளைப் பிடித்து வைத்திருக்கும் பலம் அதற்கு இல்லை. திருகோணமலை வெயிலில் தகரம் ஒரு அளவுக்கு விரியும், பைபர் இன்னொரு அளவுக்கு விரியும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பட்டி வெடிக்காமல் என்ன செய்யும்?

கராஜில் கேட்டால் "திரும்பப் பட்டி போடுவம்" என்றார்கள். சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருக்கடலூரில் பைபர் வள்ளம் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவரைத் தெரியும், அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குனிந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது மேல பூசினது, ஒட்டினது இல்ல. வள்ளம் உடைஞ்சா நாங்க உடைஞ்ச இடத்தச் சரிவா தேய்ச்சுத்தான் புதுத் துணி போடுவம்." சரிவுக்கு அவர்கள் கணக்கு பன்னிரண்டுக்கு ஒன்று. அதாவது 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பைபர் என்றால் ஓரத்திலிருந்து 24 மில்லிமீட்டர் தூரத்துக்குச் சரிவு வேண்டும். நான் ஒரு மில்லிமீட்டர்கூடச் சரிவு வைக்கவில்லை.

2024 ஜூனில் மழை இல்லாத நாளாகப் பார்த்துத் திரும்பத் தொடங்கினேன். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முதலில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பம்பரை நான் தொடவே இல்லை. அதைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால் பிபி என்று அச்சு இருக்கும், பொலிபுரோப்பிலீன், அதில் ரெசின் (பைபர் துணியை ஊற வைத்து இறுக்குகிற பிசின்) பிடிக்காது. தவிர, ஒரு சின்ன இடி பட்டாலும் கழற்ற வேண்டிய பாகம் அது. முன் மட்காட்டும் போல்ட்டில் நிற்பது, அதனால் ஸ்கேர்ட்டின் முன்நுனியை மட்காட்டோடு சேர்க்காமல் ஒரே அளவான இடைவெளி விட்டேன். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற, பாடியோடு ஒன்றான தகரம், சில் என்பது, அது மட்டும்தான் சேர்க்கத் தகுந்த இடம்.

சில்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. அதன் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கும். என் பழைய வேலையில் இரண்டு ஓட்டை பட்டியால் அடைபட்டிருந்தது, உள்ளே துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு ஓட்டையிலும் ஈர்க்குக் குச்சி செருகி வைத்துத்தான் வேலை செய்தேன். ஜாக் வைக்கிற விளிம்பையும் மூடவில்லை.

பெயின்ட் முழுவதையும் 40 நம்பர் தேய்ப்பு டிஸ்க்கால் வெறும் தகரம் வரை எடுத்தேன். கடல் காற்று பட்டால் தேய்த்த தகரம் அன்றைக்கே மஞ்சளிக்கும், அதனால் ஒரு பக்கத்தைக் காலையில் தேய்த்து, மத்தியானத்துக்குள் ரெசின் வைத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். வள்ளத்துக்குப் பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசின் தகரத்தில் நன்றாகப் பிடிக்காது, எப்பொக்சிதான் சரி. ஆனால் கடையில் கிடைக்கிற வெட்டு நார் மெட் (துண்டு துண்டான கண்ணாடி நாரைப் பசையால் ஒட்டிய விரிப்பு) பொலியெஸ்டருக்கு என்று செய்தது. அதன் நாரைச் சேர்த்து வைத்திருக்கிற பசை எப்பொக்சியில் கரையாது, ரெசின் சரியாக ஊறாது. நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள்.

இங்கத்தைய வெக்கையில் எப்பொக்சி கோப்பைக்குள்ளேயே கொதித்துக் கட்டியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தட்டையான தட்டில் பரப்பினால் நேரம் கிடைக்கும். மூன்று அடுக்குத் துணி, ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் அகலம். காய்ந்த பிறகு மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் நிற்கும், காற்றில் ஈரம் கூடினால் அதுவும் கூடும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகுதான் தேய்க்க வேண்டும். ரிவெட்டை எல்லாம் துளைத்து எடுத்து அந்த ஓட்டைகளையும் துணி போட்டு மூடினேன், விட்டால் பெயின்டுக்கு மேல் வட்டம் வட்டமாகத் தெரியும். இந்த வேலை எதற்கும் மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள், கண்ணாடித் தூசி நெஞ்சுக்குள் போகிற சாமான்.

அப்புறம் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்த விஷயம், சும்மா இருப்பது. மூன்று கிழமை காரை வெயிலில் நிறுத்தி வைத்தேன். ரெசின் காய்ந்த பிறகும் சூட்டில் இன்னும் இறுகும், சுருங்கும். அந்தச் சுருக்கம் பெயின்டுக்கு முதலே முடிய வேண்டும், இல்லாவிட்டால் துணியின் கோடு மினுக்கத்தில் எழும்பி வரும். அம்மா தினமும் "எப்ப முடியும்?" என்று கேட்டா.

பட்டி இந்தத் தடவை 2 மில்லிமீட்டருக்கு மேல் எங்கும் இல்லை. மேலே கறுப்பு ஸ்ப்ரேயை மெல்லிசாகத் தூவிவிட்டு நீளப் பலகையில் தேய்ப்புப் பேப்பர் சுற்றித் தேய்த்தேன். கறுப்பு நிற்கிற இடம் பள்ளம், முதலில் போகிற இடம் மேடு. வளைவுக்குள் பலகை போகாது, பிவிசி பைப் துண்டில் பேப்பரைச் சுற்றிக்கொண்டேன். 80, 180, 320 நம்பர் பேப்பர் என்று எல்லாமே உலர்ந்த தேய்ப்பு, பட்டி தண்ணீரைக் குடிக்கும் என்பதால். எப்பொக்சி பிரைமர் அடித்து, அதற்கு மேல் டூகே (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற) பிரைமரும் காய்ந்த பிறகுதான் 600 நம்பர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பெயின்டை நான் அடிக்கவில்லை. கச்சான் காற்று தூசியோடு வீசிக்கொண்டிருந்தது, டூகே பெயின்டில் இருக்கிற ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளுக்குச் சாதாரண மாஸ்க் போதாது, பெயின்ட் பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிட்டேன்.

2024 டிசம்பர் மழைக்குப் பிறகு அதே முற்றத்தில் காரைக் கழுவினேன். சாய்ந்த வெளிச்சத்தில் முன் கதவிலிருந்து பின் டயர் வரை நகத்தால் இழுத்துப் பார்த்தேன், எந்த இடத்திலும் நகம் தட்டவில்லை. கீழே ஓட்டைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.