பிடியரிசி முட்டியும் வேதப்புத்தகத்தின் முன்பக்கமும்

எங்கள் அம்மம்மாவின் விசுவாசத்தைச் சொல்வதென்றால் குசினியிலிருந்த பிடியரிசி முட்டியில்தான், சபைக் காணிக்கைக்காகப் பிடி பிடியாக அரிசி சேர்க்கிற அந்தப் பானையில்தான், தொடங்கவேண்டும். சுண்டு என்கிற அளவையால் அளந்த அரிசி சுளகில் விழுந்த பிறகு, களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து முட்டியில் போடுவார். சாக்கிலிருந்து நேரே எடுக்கமாட்டார். சாக்கில் எடுத்தால் உலையில் ஒன்றும் குறையாது. வீட்டாரின் சோற்றில் குறைந்ததுதான் காணிக்கை என்பது அவர் கணக்கு. எடுக்கிற கையில் ஈரம் இருக்கக்கூடாது. ஈரம் பட்டால் அரிசி கட்டிபட்டு வண்டு வைத்து, மாதக் கடைசியில் முட்டி முழுவதும் பழுதாகிவிடும். அதற்காகவே காய்ந்த வேப்பிலையும் இரண்டு செத்தல் மிளகாயும் உள்ளே கிடக்கும். பச்சையரிசியைப் புழுங்கலோடு கலக்கவும் விடமாட்டார். சபையில் சேர்ந்த அரிசியை விற்றுத்தான் ஊழியத்துக்குப் பணம் சேர்ப்பார்கள். கலப்பரிசிக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்?

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வழிவந்த வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பங்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. 1824இல் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். எலைசா அக்னியூ அம்மையார் 1840 முதல் 1879 வரை அங்கேயே இருந்து, முதலில் தாய்மாரையும் பிறகு அவர்களின் பிள்ளைகளையும் படிப்பித்தார். அம்மம்மா அவருக்கு வெகுகாலம் பிந்தியவர். ஆனாலும் மணியடித்ததும் எழுவது, நேரத்துக்கு ஜெபம், தன் வேலையைத் தானே செய்வது என்ற உடுவில் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

வேதவாசிப்புக்கும் கணக்கு வைத்திருந்தார். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். கிழமை நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்துக்குள் முடியும், சில அதிகாரங்கள் தவறினாலும் ஈடுசெய்ய இடமிருக்கும். பலர் உற்சாகமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். அம்மம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: பழைய ஏற்பாட்டில் இரண்டு அதிகாரம், மூன்றாவதைச் சங்கீதத்திலோ சுவிசேஷத்திலோ எடுப்பார். 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் வெறும் வம்ச வரலாறுதான், ஆனாலும் ஒரு பெயரையும் விடாமல் சத்தமாக வாசிப்பார். தேவன் எழுதிவைத்த பெயரை நாங்கள் எப்படி விடுவது என்பார்.

மாலை விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பு, பிறகு ஜெபம். அந்த ஜெபத்தில் பெயர்கள் வரிசையாக வரும்: முதலில் நோயாளிகள், அடுத்து பயணத்தில் இருப்பவர்கள், பிறகு பரீட்சை எழுதுகிறவர்கள், வீட்டார் கடைசியில். நீண்டுபோனால் சின்னப்பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று கால்மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். யாரேனும் பயணம் புறப்பட்டால் 121ஆம் சங்கீதம் வாசிக்காமல் படலை தாண்ட விடமாட்டார்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, பயத்தம் பணியாரம். சிவக்க வறுத்த பயறைக் கோது நீக்கித் திரித்து, 4 சுண்டு மாவுக்கு ஒரு பெரிய தேங்காயின் பூவைப் பொன்னிறமாக வறுத்துச் சேர்ப்பார். மிளகு, சீரகம், ஏலம் இடித்துப் போட்டு, சீனிப்பாணி விட்டு, சூடு ஆறுவதற்குள் உருட்டவேண்டும். பாணி முற்றினால் உருண்டை கல்லாகும். பதம் வராமல் இறக்கினால் எண்ணெயில் உடைந்து மா கரைந்துவிடும், பிறகு போடுகிற ஈடெல்லாம் கருகும். தோய்க்கிற மாவும் அப்படித்தான்: தேங்காய்ப்பாலில் மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கரைத்தது, விரலில் தோய்த்தால் வழியாமல் ஒட்டவேண்டும்.

அயலில் சைவக்கார வீடுகள் நிறைய. அவர்களுக்குப் போகிற பணியாரத்தைப் புது எண்ணெயில் முதல் ஈடாகச் சுட்டு, மூடி வேறாக வைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் முட்டை சேர்ந்த பலகாரம் எதுவும் அடுப்புக்கு வரும். கேக் அந்தத் தட்டில் ஒருபோதும் போகாது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த வீட்டுத் தட்டுகள் எங்கள் வீட்டுக்கு வரும். தன் விசுவாசத்தில் இவ்வளவு உறுதியாக இருந்தவர், பிறர் நோன்பையும் சுத்தத்தையும் இத்தனை கவனமாகக் காத்தது அவரிடம் நான் மிகவும் மதிக்கிற குணம்.

1995 ஒக்டோபர் 30இல் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனமெல்லாம் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவர் எடுத்தவை சில உடுப்புகளும் வேதப்புத்தகமும். அதன் முன்பக்க வெற்றுத்தாளில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், மரணம் எல்லாம் மையால் எழுதியிருந்தார். மழை, சேறு, நாவற்குழி வழியில் சனநெருக்கம்; மை கரையாமல் இருக்கப் பொலித்தீன் பையில் இரண்டு சுற்று. பிறப்புப் பத்திரம் தொலைந்த வீடுகளில் அப்படியொரு பக்கம் பெரிய உதவி. அது பிறப்புப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் ஞானஸ்நானம் எந்தச் சபையில், எந்தத் தேதியில் என்று தெரிந்தால் சபைப் பதிவேட்டில் தேடுவது சுலபம். தேதி தெரியாவிட்டால் வருடக்கணக்கான பக்கங்களைப் புரட்டவேண்டும்.

இதை வாசிக்கும் பலரின் வீட்டிலும் அப்படியொரு வேதப்புத்தகம் இருக்கும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், தாளை அழுத்தி விரிக்காமல் படமெடுங்கள். பழைய கட்டு முதுகில்தான் முதலில் பிளக்கும். மங்கிய எழுத்தின்மேல் பேனாவால் திருத்தி எழுதவேண்டாம். பெயர்களை வேறொரு தாளில் பெயர்த்தெழுதி, யார் யாருக்கு என்ன முறை என்பதை உயிரோடு இருக்கிற மூத்தவரிடம் கேட்டு அருகில் குறித்து வையுங்கள்.