கப்ஸ் ஜெயிச்ச அந்தக் காலை

2016 நவம்பர் 3, குன்னூர்ல அஞ்சரை மணிக்கே எந்திரிச்சு கம்பளிய போத்திக்கிட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்தேன், பேஸ்பால் மேட்ச் நடந்த அமெரிக்காவோட கிளீவ்லேண்ட்ல அப்போ ராத்திரி. சிகாகோ கப்ஸ் சீசன்ல 103 மேட்ச் ஜெயிச்ச டீம், ஆனா வேர்ல்ட் சீரிஸ்ல, அதாவது ஏழு மேட்ச்ல நாலு ஜெயிக்கணும்ங்கிற ஃபைனல்ல, கிளீவ்லேண்ட் டீம்கிட்ட 3-1னு பின்னாடி போய் அப்புறம் 3-3 ஆக்கி கடைசி மேட்ச் வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டாங்க. எட்டாவது இன்னிங்ஸ்ல கிளீவ்லேண்ட் ஆளு ராஜாய் டேவிஸ் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சு 6-6 ஆனப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, 1908க்கு அப்புறம் கோப்பையே பாக்காத டீம்ங்க அது!

வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் சமமாவே முடிஞ்சதும் மழை, 17 நிமிஷம் நிறுத்திட்டாங்க. அம்மா வச்ச டீ ஆறியே போச்சு. கூடுதலா வச்ச பத்தாவதுல நம்ம கப்ஸ் ஆளு சோப்ரிஸ்ட் அடிச்ச டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓட வச்ச அடி), 8-7, முடிஞ்சுது. பத்தே கால் மணிக்கு நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துட்டாங்க.