பிழையான கோப்பைக் கண்டதும் நின்றுவிடும் நிரல்

எங்கள் வாசகர் வட்டத்தின் பழைய இதழ்க் கோப்புகள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நகலாகக் குறுவட்டுகளில் கிடந்தன. அவற்றைத் தேதி வரிசையில் கோப்புகளின் திருத்த வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் ஒரே களஞ்சியமாக்கும் வேலையை, சிங்கப்பூரின் ஈசூனிலுள்ள என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சென்ற மாதம் தொடங்கினேன். நகல்களை வாசித்து, கிட்டின் இறக்குமதிக் கருவியான ஃபாஸ்ட்-இம்போர்ட் ஏற்கும் வடிவில் வெளியிட ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். இறக்குமதி பாதியில் நின்றது. +0800 என்று இருக்க வேண்டிய சிங்கப்பூர் நேர வேறுபாட்டை, சில பதிவுகளில் என் நிரல் நொடிகளையும் சேர்த்து +080000 என்று எழுதியிருந்தது.

அது நின்ற விதம்தான் என்னை எழுதத் தூண்டியது. செல்லாத தேதி எது, யாருடைய பதிவில் வந்தது என்பதைப் பிழைச் செய்தியே காட்டியது. களஞ்சியத்துக்குள் ஒரு விபத்து அறிக்கை உருவாகியிருந்தது. கடைசியாக வந்த கட்டளைகள் அதில் வரிசையாக இருந்தன. அதுவரை வாசித்தவை கிட்டின் சேமிப்புக் கோப்பான பொதிக்கோப்பில் பத்திரமாக மூடப்பட்டிருந்தாலும், வேலை முழுமையடையாததால் வரலாற்றின் கடைசிப் பதிவைச் சுட்டும் கிளைகள் எதுவும் நகர்த்தப்படவில்லை. பாதி வரலாற்றை முழு வரலாறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

ஃபாஸ்ட்-இம்போர்ட்டே அந்தத் தேதியை +0800 என்று திருத்திக்கொண்டிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கமிட்டின் (கிட்டில் பதிவாகும் ஒவ்வொரு திருத்தத்தின்) அடையாள எண் அதன் தேதி உட்பட எல்லாவற்றிலிருந்தும் கணக்கிடப்படுகிறது. அடுத்த கமிட் அந்த எண்ணைத் தன்னுள் தாங்குகிறது. தவறான ஊகம் ஒன்று உள்ளே போய்விட்டால், பின்னாளில் அதைத் திருத்தும்போது அதற்குப் பின்வரும் எல்லா எண்களும் மாறிவிடும். ஏற்கெனவே பலரிடம் பரவிவிட்ட பழைய வரலாற்றில் இத்தகைய தேதிகள் இருந்தால், அவற்றை மாற்றாமல் ஏற்கும் 'ரா-பெர்மிசிவ்' என்ற தேதி வடிவமும் ஃபாஸ்ட்-இம்போர்ட்டில் 2020 முதல் இருக்கிறது. ஆனால் அதைப் பயனர் கேட்டுப் பெற வேண்டும். என்னுடையது என் நிரலின் தவறு என்பதால், நிரலைத் திருத்தி முதலிலிருந்து ஓட்டினேன்.

எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறையான எழுத்துக்குறியிலும் இதே கவனம் தேவைப்பட்டது. பழைய திருத்தக் குறிப்புகள், யுனிகோடு பரவுமுன் புழங்கிய தமிழ் எழுத்துக்குறியான திஸ்கியில் இருந்தன. முன்பு நாங்கள் பயன்படுத்திய ஒரு மாற்றி, தனக்குப் புரியாத பைட்டுகளையெல்லாம் கேள்விக்குறிகளாக்கிவிட்டு, வேலை இனிதே முடிந்ததாக அறிவித்தது. அப்படி அழிந்த குறிப்புகளுக்கு வேறு நகல் இல்லை. கிட்டில் கமிட்டுடன் எழுத்துக்குறியின் பெயரையும் பதியலாம். பைட்டுகள் மாறாமல் கிடக்கும். காட்டும்போது மட்டும் யுனிகோடாக மாற்றப்படும். லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை நிரல் நூலகத்துக்குத் திஸ்கி தெரியும் என்பதால், எஞ்சிய குறிப்புகளை இப்போது திரையில் நல்ல தமிழில் வாசிக்கிறேன்.