“நீங்களும் அனுப்பறீங்களா மேடம்?”

“நீங்களும் என்னைய வேற ஆள்கிட்ட அனுப்பறீங்களா மேடம்?”

அந்தப் பெண் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பேன், அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள், பேச்சு ஓடியிருக்கும். அவள் ஃபைலை மூடிக்கொண்டே, விடை ஏற்கெனவே தெரிந்துபோன குரலில் கேட்டாள். “அனுப்பலைங்க கண்ணு, இன்னொருத்தரையும் கூடச் சேர்த்துக்கறோம்” என்றேன். சொன்னது உண்மைதான். ஆனாலும் அவள் திரும்ப வரவில்லை.

டயட்டீஷியன் வேலையில் திரும்ப வராதவர்கள் நிறையப் பேர். ஒரு தடவை வந்து சார்ட் வாங்கிப் போவதோடு சரி. ஒவ்வொருவருக்காகவும் கலங்கினால் அடுத்த ஓ.பி. பார்க்க முடியாது. இவள் விஷயத்தில் மட்டும் ஏன் மனசு ஆறவில்லை என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று பலரும் சொல்லும் ஹார்மோன் கோளாறுக்காக வந்தவள் அவள். கொண்டுவந்த ஃபைலில் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைவிட டயட் சார்ட்டுகள்தான் அதிகம். ஜிம் மாஸ்டர் எழுதிக் கொடுத்தது ஒன்று: காலையில் ஓட்ஸ், மதியம் வேகவைத்த கோழி, இரவு வெள்ளரிக்காய். பவுடர் விற்கும் ஒருவர் கொடுத்தது இன்னொன்று: இரண்டு வேளை ஷேக், ஒரு வேளை சாப்பாடு. ஆன்லைனில் பேக்கேஜுக்குப் பணம் கட்டி வாங்கியதும் இருந்தது: பால் கூடாது, கோதுமை கூடாது, அரிசியைத் தொடவே கூடாது, எழுந்ததும் ஆப்பிள் சிடர் வினிகர். எல்லாவற்றையும் கொஞ்ச நாள் ஒழுங்காகவே செய்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் முதலில் எடை இறங்கி, அப்புறம் இறங்கியதற்கு மேலேயே ஏறியிருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிஃப்ட், காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே. அந்தக் கோழியை யார், எப்போது வேகவைப்பது? அந்தச் சார்ட்டுகளை எழுதிய யாரும் இதைக் கேட்கவில்லை. அவள் பார்த்த டாக்டர்களும் “முதல்ல வெயிட்டைக் குறைச்சுட்டு வாம்மா” என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள், எப்படிக் குறைப்பது என்பதை அவள் பொறுப்பில் விட்டு.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு யாரோ நீர்க்கட்டி என்று சொன்னதிலிருந்து, வயிற்றுக்குள் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று அவளும் அம்மாவும் பயந்துபோயிருந்தார்கள். முழுதாக முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகள்தான் அவை, எடுத்துப் போட வேண்டியது ஒன்றுமில்லை என்று படம் வரைந்து காட்டினேன். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இசைந்து கொடுக்காதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது, அதனால் முட்டை வெளிவருவது தடைப்பட்டு தேதி தள்ளிப் போகிறது, தாடையில் முடி வருகிறது. கழுத்தைச் சுற்றியிருந்த கருமையைக் கடலை மாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவளுக்குத் தோலே புண்ணாகியிருந்தது. இது அழுக்கில்லைங்க, இன்சுலின் அதிகமா இருக்கறதோட அடையாளம், தேய்க்காதீங்க என்றதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேய்க்கச் சொன்னது அவர்தான் போலிருக்கிறது.

அந்த அம்மா மருந்து வாங்கப் போன நேரத்தில்தான் மற்ற பேச்சு வந்தது. நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீங்க என்று எல்லோரிடமும் கேட்பது வழக்கம். காலையில் ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கு டீ. மதியம் டிபன் பாக்ஸில் இருந்ததில் பாதி. நாலு மணிக்கு டீயும் பன்னும். இரவு இரண்டு தோசை. இவ்வளவுதானா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து போய், மீந்த சோறு, மிக்சர், தங்கைக்கு வாங்கி வைத்த பிஸ்கட் என்று கையில் கிடைப்பதையெல்லாம் வயிறு வலிக்கும் வரை நின்றபடியே சாப்பிடுவாளாம். வாரத்தில் பல ராத்திரி இப்படி. விடிந்ததும் அந்தக் குற்றவுணர்ச்சியில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவாளாம். “நிறுத்தோணும்னுதான் நினைக்கறனுங்க, கை நிக்க மாட்டேங்குது.” வீட்டில் யாருக்கும் தெரியாது. முந்தின சார்ட் எழுதியவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அவளை எடை மெஷினில் ஏற்றவில்லை. கலோரி எண்ணிச் சார்ட்டும் போடவில்லை. பகலில் பட்டினி, இரவில் அடங்காத பசி என்று மாட்டிக்கொண்டிருக்கிறவளிடம் “இதைச் சாப்பிடாதே” என்று இன்னொரு பட்டியலைக் கொடுத்தால் பட்டினியும் கூடும், ராத்திரியும் கூடும். வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும், முட்டை இல்லாத நாளில் பச்சைப்பயறு கடைசல். அரிசும்பருப்பு சாதம் கூடவே கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி அதை விட்டிருந்தாள். பருப்பைக் கூட்டிப் போட்டு, பக்கத்தில் பொரியல் நிறைய வைத்து, அளவாகச் சாப்பிடுங்க என்றேன். நாலு மணிக்குப் பன்னுக்குப் பதில் கொள்ளுச் சுண்டல். கம்பும் ராகியும் நல்லவைதான், ஆனால் அவற்றிலும் மாவுச்சத்துதான் பெரும்பகுதி, கூழாகக் கரைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தால் கணக்கு அரிசி பக்கமே போய் நிற்கும் என்பதையும் சொன்னேன். அதுவரை வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டுமே பார்த்திருந்தார்கள், அதனால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கினேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். “இதெல்லாம் எங்க வீட்லயே இருக்குதுங்களே” என்றாள். முகம் தெளிந்திருந்தது.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், நிறுத்தியிருந்தால் அது அவளுக்குச் செய்த துரோகம் என்று தோன்றும்.

நான் நிறுத்தவில்லை. “ராத்திரி நடக்கறதுக்கு என்னோட சார்ட் மட்டும் பத்தாதுங்க கண்ணு. அதைப் பேசிச் சரி பண்றவங்க இருக்காங்க, சைக்காலஜிஸ்ட். அவங்களையும் ஒரு தடவை பாருங்க” என்றேன். அரசு ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்டத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடித்துத் தமிழிலேயே பேசலாம் என்று சீட்டில் எழுதியும் கொடுத்தேன். அப்போதுதான் கேட்டாள்.

வழிகாட்டுதல் என் பக்கம்தான் இருக்கிறது. 2023-இல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல், உடல் எடை எதுவாக இருந்தாலும் இந்தப் பெண்களுக்கு உணவுக் கோளாறு இருக்கக்கூடும் என்பதை மனதில் வைக்கச் சொல்கிறது, முக்கியமாக எடை குறைப்பு பற்றிப் பேசும்போது. மனச்சோர்வையும் பதற்றத்தையும் கேட்டறியச் சொல்கிறது. எந்த ஒரு உணவுமுறையும் பிசிஓஎஸ்ஸுக்கு மற்றவற்றைவிட மேலானது என்று நிரூபணம் இல்லை என்றும் சொல்கிறது. அவள் ஃபைலில் இருந்த கூடாது, கூடாது, கூடாது எல்லாவற்றுக்கும் அது ஒன்றே பதில். கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிடுவதற்குச் சிகிச்சை தருவது என் படிப்பில் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்கிறவர்களால்தான் அவள் இந்த நிலைக்கு வந்தாள். நானும் அதையே செய்திருக்க வேண்டுமா?

இப்படி நினைத்து மனசு சமாதானமாகும். அப்புறம் அவள் எப்படித் தேடி வந்தாள் என்பது ஞாபகத்துக்கு வரும்.

இந்தப் பிரச்சினை அரிதானதில்லை. இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெரிந்துகொண்டு உதவி தேடி வருகிறவர்களுக்கு எங்கே போவது என்பதுதான் தெரிவதில்லை. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட், கோச் என்று பலகைகள் இருக்கின்றன. எம்.எஸ்சி. படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, தேர்வெழுதி ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) பட்டம் வாங்கியவரையும், வார இறுதியில் ஒரு வகுப்புக்குப் போய் வந்தவரையும் வெளியிலிருந்து பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டத்தில் எங்கள் தொழிலும் இருக்கிறது, ஆனால் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அதனால் முதல் தடவையிலேயே ஷிஃப்ட் நேரத்தைக் கேட்கிறாரா, வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்கிறாரா, பவுடர் விற்கிறாரா, இத்தனை நாளில் இத்தனை கிலோ என்று வாக்குக் கொடுக்கிறாரா என்று பாருங்கள் என்பதைத்தான் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அவள் இந்தச் சோதனையெல்லாம் இல்லாமலே, அலைந்து திரிந்து, கடைசியில் கேட்கிற ஆள் ஒருவரிடம் வந்து, அம்மாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். சொல்லி முடித்த சிறிது நேரத்தில் அவள் காதில் விழுந்தது இன்னொருவரின் விலாசம்.

எங்கள் மகப்பேறு டாக்டரிடம் இதைச் சொன்னேன். “முதல் நாளே எல்லாத்தையும் கொட்டக்கூடாதும்மா, நம்பிக்கை வரட்டும், மூணாவது விசிட்ல சொல்லு” என்றார். கூட வேலை பார்க்கும் தோழி அதற்கு நேர்மாறாக, மூன்றாவது விசிட்டே வராமல் போகிறவர்கள்தான் அதிகம், சொல்ல வேண்டியதை அன்றே சொன்னதுதான் சரி என்றாள். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அந்தச் சீட்டை அவள் தூக்கிப் போடவில்லை, சின்னதாக மடித்து ஃபோன் கவருக்குள் வைத்துக்கொண்டாள், அதைப் பார்த்தேன். ஒருவேளை 14416-க்கு அடித்துப் பேசியிருக்கலாம். அங்கிருந்து நல்லது நடந்திருக்கலாம். அப்படியென்றால் என்னிடம் வராததே நல்ல செய்தியாகிவிடும். இது என்னை நானே தேற்றிக்கொள்வதுதானோ என்ற எண்ணமும் கூடவே வரும்.

போன மாதம் ஏறக்குறைய இதே கதையோடு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். டாக்டர் சொன்னபடி இருந்து பார்க்கலாம் என்று முதல் நாள் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசி அனுப்பினேன். இரண்டாம் தடவையும் வந்தாள், சிரித்துப் பேசினாள், காலையில் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். நான் மட்டும் நிம்மதியாக இல்லை. இடையில் இருந்த அத்தனை ராத்திரியும் அவள் தனியாகத்தானே இருந்திருப்பாள்? அவள் திரும்பி வந்தாள் என்பதற்காக, நான் வாயைத் திறக்காமல் இருந்தது சரியென்று ஆகிவிடுமா?

அதனால் வேறொன்று கேட்டிருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒருநாள் வரும் சைக்காலஜிஸ்ட் அன்று என் அறையிலேயே உட்காரட்டும், பிசிஓஎஸ்ஸுக்காக வருகிறவர்களை இருவரும் சேர்ந்தே பார்க்கிறோம், ஒரே டோக்கன், ஒரே ஃபீஸ் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை. சைக்காலஜிஸ்டுக்குச் சம்மதம்தான்.

அவள் நம்பர் ரிசப்ஷனில் இருக்கிறது. “கூப்பிட்டா, வராததுக்குக் கேக்கறாங்கன்னு பயந்துக்கும் மேடம்” என்கிறார் அங்கே இருக்கிற அக்கா. கூப்பிடாமல் விட்டால், அவள் அன்று கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொன்னது போலாகிவிடும் என்று எனக்குப் படுகிறது. இந்த வாரம் நானே கூப்பிடலாம் என்றிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றியோ சீட்டைப் பற்றியோ நானாக எதுவும் கேட்கப் போவதில்லை. 75 கிராம் பரிசோதனை ரிசல்ட் வந்ததா என்று மட்டும் கேட்டு, அவள் பேசுகிற வரை பேசவிட வேண்டும்.